மேடும் பள்ளமுமாக ஒரு ரிப்போர்ட்

பிள்ளைகளின் புத்தியை அளந்து சொல்கிற தொழிலில் இருப்பவர்களை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும்: ஒன்று மந்திரவாதி, இல்லையென்றால் மார்க் ஷீட் கொடுக்கிற ஆபீஸ்.

நான் இரண்டும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. ஒரு மேஜை, சில நாற்காலிகள், ஒரு பெட்டி நிறையக் கட்டைகளும் படங்களும். சனிக்கிழமை ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கே ஒரு குழந்தைகள் டாக்டர் தன் கிளினிக்கின் பின்னறையை எனக்காக ஒழித்துத் தருவார். மனநல ஆலோசகர் என்று போர்டு வைத்தால் மக்கள் பயந்து மாடி ஏற மாட்டார்கள் என்பதால், போர்டில் என் பெயரும் 'குழந்தைகள் கற்றல் ஆலோசனை' என்ற வார்த்தைகளும் மட்டும்தான் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என் போன்ற யாரிடமாவது மாட்டியவர்களாக இருப்பீர்கள். பிள்ளையின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரியில் 'மிக நன்று' என்றும் அடுத்த வரியில் 'மிகக் குறைவு' என்றும் இருப்பதைப் பார்த்து, இதில் எது நம் பிள்ளை என்று முழித்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு பிள்ளையின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை.

கலந்து விற்கிற வியாபாரம்

அந்தப் பிள்ளைக்கு முன்னால், இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற நிரந்தரத் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே நம்பர் வேண்டும். நான் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, வார்த்தையறிவு எப்படி, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி, கேட்டதை மனதில் பிடித்து வைப்பது எப்படி, கை வேகம் எப்படி என்று தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதிக் கொடுப்பேன். வாங்கிப் பார்க்கிறவர் கண் நேரே கடைசி வரிக்குப் போகும். மொத்தத்தில் எவ்வளவு?

எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு மொத்தம் போட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருக்கிற பிள்ளைக்கு மொத்தம் போட்டால், வருகிற நம்பர் அந்தப் பிள்ளையின் எந்தப் பக்கத்தையும் காட்டாது. வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு மாந்தோப்புக்காரரிடம் இதை விளக்கப் போய், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரு பெட்டி நல்ல இனிப்பு, ஒரு பெட்டி ஒரே புளிப்பு. ரெண்டையும் சேர்த்து சுமார் மாங்காய்னு எழுதுவீங்களா?" என்று கேட்டேன். ரொம்பப் பெருமையாகத்தான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கலந்துதான் மேடம் விப்போம். தனித்தனியா வச்சா புளிப்ப எவன் வாங்குவான்?"

பட்டாளத்து வீட்டுத் தயாரிப்பு

அன்றிலிருந்து உதாரணம் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். அப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை ஹரிணி வந்தாள். மம்சாபுரத்துப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. அப்பா சுந்தரபாண்டி பட்டாளத்தில் ஹவில்தார், லீவில் வந்திருந்தார். அம்மா ஜெயா. நான் பெட்டியைத் திறப்பதற்கு வெகு நேரம் முன்பே மூவரும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை கையில் பரீட்சை அட்டை, சீவிய பென்சில்கள், ரப்பர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் தண்ணீர். ரெட்டைச் சடையை அப்பாவே பின்னியிருக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

விஷயம் இதுதான். படிக்கிற தனியார் பள்ளியில், இந்தப் பிள்ளை எழுதவும் வாசிக்கவும் திணறுகிறது, டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டு வாருங்கள், புத்தி குறைவு என்று வந்தால் ஆறாம் வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சுந்தரபாண்டி உடனே அடுத்த திட்டமும் போட்டுவிட்டார். மதுரைப் பக்கம் விடுதியோடு ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறதாம். ரிப்போர்ட் சரியில்லை என்றால், லீவு முடிவதற்குள் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவாராம். ஜெயா பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்வதும் மறுபடி சரிசெய்வதுமாக இருந்தார். புருஷன் வருஷத்தில் முக்கால்வாசி எல்லையில். வீட்டில் இவருக்குத் துணை என்றால் இந்தப் பிள்ளைதான். அதையும் விடுதிக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இது பரீட்சை இல்லை, தயாரிப்பு எதுவும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அதை ஞாபகப்படுத்தினேன். ஹவில்தார் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"அதெல்லாம் நல்லா ரெடி பண்ணியாச்சு மேடம். காலைல கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஓடவும் விட்டுட்டேன்."

கட்டையில் புலி

முதலில் கட்டைகள். அட்டையில் ஒரு கோலம் இருக்கும்; அதைப் பார்த்துச் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அதே மாதிரி அடுக்க வேண்டும். ஹரிணி அட்டையை ஒரு பார்வை பார்ப்பாள், விரல்கள் ஓடும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கடைசி அட்டை என்னையே ஒரு காலத்தில் படுத்தியது. அதையும் அசராமல் முடித்தாள். விடுபட்ட படத்தைக் கண்டுபிடிக்கிற புதிர்களிலும் அப்படியே. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தப் பிள்ளையையா புத்தி குறைவு என்றார்கள் என்று மனதுக்குள் அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு பாட்டம் திட்டினேன்.

அப்புறம் வார்த்தைகளுக்கு வந்தோம். பஞ்சம் என்றால் என்ன? பிள்ளை விட்டத்தைப் பார்த்தாள், உதடு அசைந்தது, என் முகத்தைப் பார்த்தாள், "தெரியாது" என்றாள். அடுத்த வார்த்தை, அதே மாதிரி விட்டம், உதடு, தெரியாது. தோணுவதைச் சொல், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். என்னமோ நான் அவளை ஏமாற்றப் பார்க்கிற மாதிரி லேசாகச் சிரித்தாள். தொடர்ந்து இத்தனை முறை பதில் வராவிட்டால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும் என்பது டெஸ்டின் விதி. நிறுத்தினேன். பொது அறிவுப் பகுதியும் அப்படியே பாதியில் நின்றது. எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் பாதியில் விட்டாள். குறிகளைப் பார்த்து வேகமாக எழுதுவதில் எழுதினதை விட அழித்தது அதிகம். வாசிக்கக் கொடுத்த அட்டையைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

ஏறின வேகத்தில் இறங்கியது என் உற்சாகம். பிள்ளை மட்டும் கலங்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாக ஒரே பதில்.

"தெரியாது மேடம். அடுத்தது கேளுங்க."

வசந்தி பார்த்த வீடியோ

வசந்தி என்னோடு வேலை பார்க்கிற சிறப்பு ஆசிரியை, வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். மார்க்கைக் கூட்டும்போது வாய்க்குள் தெலுங்கில்தான் எண்ணுவாள். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் கொன்றுவிடுவாள். ஹரிணியின் தாள்களை அவளிடம் கொடுத்தேன். கூட்டி முடித்து, கோடு இழுத்து, என்னிடம் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் உச்சத்தில், மறுபக்கம் அதலபாதாளத்தில். இரண்டையும் கூட்டி வகுத்தால் 'சராசரிக்குக் கீழே' என்று சாதுவாக ஒரு நம்பர் வந்து நிற்கும். பள்ளிக்கூடம் கேட்பது அந்த நம்பரைத்தான். அதை எழுதிக் கொடுத்தால் அன்று மாலையே ஹவில்தார் மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்.

எழுத மனம் வரவில்லை. வராததற்குக் காரணமும் சொல்லத் தெரியவில்லை. மனம் வரவில்லை என்று ரிப்போர்ட்டில் போட முடியுமா? பெற்றோர் சம்மதத்தோடு டெஸ்டை போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதை வசந்தியிடம் போட்டுக் காட்டினேன். வார்த்தைப் பகுதி வந்ததும் அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். கீழே மருந்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, தெரியாத பிள்ளை தெரியாதுன்னு சட்டுனு சொல்லிரும். இது எதுக்கு இம்புட்டு யோசிச்சுட்டுத் தெரியாதுங்குது?"

மைனஸ் மார்க்

அடுத்த சனிக்கிழமை பிள்ளையை மட்டும் மறுபடி வரச் சொன்னேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விதிப்படி டெஸ்ட் முடிந்து மார்க்கும் போட்ட பிறகு, விதிகளைத் தளர்த்திக் கேட்டுப் பார்க்கலாம். அப்போது வருகிற பதிலுக்கு மார்க் கிடையாது. ஆனால் பிள்ளை எங்கே நின்றது, ஏன் நின்றது என்று நமக்குத் தெரியவரும். பெட்டியைப் பூட்டி, அவள் கண்ணெதிரே மேஜைக்கடியில் தள்ளினேன். கடிகாரத்தையும் பென்சிலையும் கைப்பைக்குள் போட்டேன். கிளினிக் டாக்டர் அனுப்பிய பால்கோவாவை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். டெஸ்ட் முடிந்துவிட்டது, இனிமேல் எதற்கும் மார்க் இல்லை, ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது என்று சொன்னேன்.

"இறங்காதா?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க என் மண்டையைக் குடைந்ததற்கு அந்த ஒரு வார்த்தையில் விடை இருந்தது. பஞ்சம் என்றால் என்ன தோணுது என்றேன். மழை பெய்யாமல், வெள்ளாமை இல்லாமல், சனங்களுக்குச் சாப்பாடு கிடைக்காமல் போறது என்று கடகடவென்று சொன்னாள். நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து கேட்டேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் திணறுகிற வார்த்தைகளுக்கெல்லாம் சாவகாசமாகப் பதில் வந்தது. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றால், முழுசாகத் தெரியவில்லையாம். தப்பாகச் சொன்னால் மைனஸ் மார்க், இருக்கிற மார்க்கும் போய்விடும், அதனால் சந்தேகமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். கேட்கிறவர்கள் ஆசை காட்டுவார்கள், மாட்டிக்கொள்ளக் கூடாது. சித்தப்பா சொல்லிக் கொடுத்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் கட்டையை மட்டும் எப்படி அவ்வளவு துணிந்து அடுக்கினாய் என்று கேட்டேன். இது கூடவா உனக்குத் தெரியாது என்பது போலப் பார்த்தாள்.

"கட்டைய அடுக்குனா சரியா வந்துருச்சான்னு கண்ணுக்கே தெரியுதுல்ல மேடம்."

சித்தப்பா ஆஜர்

சித்தப்பா குமரேசனை ஹவில்தார் அன்றைக்கே பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி என் முன்னால் நிறுத்தினார். அண்ணனைப் போலப் பட்டாளத்துக்குப் போகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற பையன். ஓட்டத்தில் எல்லாம் தேறி, எழுத்துத் தேர்வில் போன முறை தெரியாத கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாகக் குறித்து, மைனஸ் மார்க்கில் வேலையைக் கோட்டைவிட்டவன். அந்த வீட்டில் மைனஸ் மார்க் என்பது பேய் பிசாசு மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் கூட அதைப் பற்றித்தான் பேச்சு. அண்ணன் மகளுக்கு டெஸ்ட் என்றதும், தான் விழுந்த குழியில் பிள்ளை விழக் கூடாது என்று பாசத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பட்டாளத்துத் தேர்வு எழுதுகிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிற ஊரில்தான் இப்படியொரு தப்பு நடக்கும். வேறெங்கும் இப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை.

பையனைத் திட்டுவதாகத்தான் இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. வீட்டில் எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டேன். பொது அறிவுப் புத்தகத்தை இவன் சத்தமாக வாசிப்பானாம். எதிரே உட்கார்ந்து ஹரிணி பதில் சொல்வாளாம். நதி, தலைநகரம், விஞ்ஞானம், எதைக் கேட்டாலும் சொல்வாளாம். பல நாள் இவனே அவளிடம் தோற்றிருக்கிறானாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். புத்தகத்தை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாயா?

"நான் வாசிச்சா டக்கு டக்குனு சொல்லிருவா மேடம். அவள வாசிக்கச் சொன்னா மட்டும் வயிறு வலிக்குன்னு எந்திருச்சு ஓடிருவா."

பாக்கி இருந்த பள்ளம்

இதற்குப் பிறகு சில வாரங்கள் வேறு சோதனைகளும் வைத்துப் பார்த்தேன். இந்த முறை மைனஸ் மார்க் கிடையாது என்று சித்தப்பாவே தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தான். வார்த்தை அறிவு மேலே ஏறி, கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் எல்லாம் ஏறிவிடவில்லை. வாசிப்பு அதே இடத்தில்தான் இருந்தது. எழுத்துகளைப் பார்த்து அவற்றை ஓசையாகச் சேர்ப்பதில் திணறல், எண்களை மனதில் வரிசையாகப் பிடித்து வைப்பதில் திணறல். பயத்தால் வந்த பள்ளத்தை மூடியாயிற்று. அதற்கடியில் நிஜமான பள்ளம் ஒன்று இருந்தது.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கையில் அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன். மைனஸ் மார்க் விவகாரத்தைக் கேட்டதிலிருந்து ஹவில்தார் மிதந்துகொண்டிருந்தார். அப்படியானால் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லைதானே என்றார். அவரைக் கீழே இறக்க வேண்டிய வேலை எனக்கு. பிள்ளைக்கு நல்ல புத்தி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எழுத்தை வாசிப்பதில் நிஜமாகவே சிரமம் இருக்கிறது, அது சோம்பேறித்தனம் இல்லை, கண் கோளாறும் இல்லை, முற்றிலும் போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன், முறையாகச் சொல்லிக் கொடுத்தால் மெதுவாக நன்றாகவே முன்னேறும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. அந்த நொடியில் எனக்கு இந்தத் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது. ஜெயா அன்றுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். முன்னேற்றத்தைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. "அப்ப எம்பிள்ள எங்கூடயே இருக்கலாம்ல மேடம்?" என்றார். இருக்கலாம், இருக்க வேண்டும், விடுதிக்கு அவசியமே இல்லை என்று சொன்னேன்.

சுந்தரபாண்டி ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனார். மொத்த நம்பர் எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். மாங்காய் அனுபவத்தால் உதாரணம் எதுவும் தயாரித்து வைக்கவில்லை. மொத்தம் போடவில்லை, போட்டால் இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அது தப்பான தகவல் என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு ரிப்போர்ட்டை மடிக்காமல் அப்படியே உறைக்குள் வைத்தார்.

"எங்க செக்‌ஷன்ல கூட யாருக்கும் மொத்தம் போட மாட்டாங்க மேடம். குறி பாத்துச் சுடுதவன்கிட்ட துப்பாக்கியக் குடுப்பாங்க, வயர்லெஸ் தெரிஞ்சவன்கிட்ட வயர்லெஸ்ஸக் குடுப்பாங்க. அம்புட்டுதான்."

தலைமையாசிரியையின் பயம்

அந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை நான் மனதுக்குள் திட்டிய அளவுக்கு மோசமானவர் இல்லை. வகுப்பில் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் எப்படித் தனியாகப் பார்ப்பது என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. முழு ஆண்டுப் பரீட்சையில் ஒரு பாடத்துக்காவது கேள்விகளை யாராவது வாசித்துக் காட்டட்டும், பிள்ளை சொல்வதை ஒருவர் எழுதட்டும், அதைப் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்பைப் பற்றி முடிவு செய்யுங்கள். பெரிய பரீட்சைகளிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னேன். ஒரு பிள்ளைக்குச் செய்தால் எல்லாப் பெற்றோரும் வந்து கேட்பார்களே என்றார். கேட்டால், யாருக்கெல்லாம் தேவை என்று பார்த்துச் செய்யலாம், நான் இருக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டுத்தான் எவ்வளவு வேலையை இழுத்து விட்டுக்கொண்டேன் என்று உறைத்தது.

அவர் அரை மனதாகச் சம்மதித்தார். அறிவியல் பாடத்துக்கு என்று முடிவாயிற்று. ஹவில்தார் ரயில் ஏறிவிட்டார். ஏறும்போது கூட போனில், மேடம், மதுரைப் பள்ளியில் இடத்தை இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றார். ஆக, ஜெயாவுக்கு அந்த மாதம் முழுக்கத் தூக்கம் கிடையாது. எனக்கும்தான். வசந்தி சனிக்கிழமைதோறும் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஹரிணிக்கு எழுத்துகளை ஓசை ஓசையாகப் பிரித்துச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது வளர நாளாகும். பரீட்சை அதற்குள் வந்துவிடும்.

வந்தது. தனி அறையில் ஓர் ஆசிரியை வாசித்தார், பிள்ளை சொன்னாள், அவர் எழுதினார். நான் அன்று வேறு ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை போன் மேல் வைத்திருந்தேன். சாயங்காலம் தலைமையாசிரியையே கூப்பிட்டார். குரலில் கோபமா சந்தோஷமா என்று பிடிபடவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஹரிணி இங்கேயே தொடரலாம், மற்ற பாடங்களுக்கும் இதே மாதிரி செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தன் குறையையும் சொன்னார்.

"உங்க பிள்ளை வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது மேடம். எழுதின டீச்சர் கை வலிக்குன்னு நாளைக்கு லீவு கேக்காங்க."

தப்பான பஸ்

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஹரிணி இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். எழுத்துகள் இன்னும் அவளுக்கு எளிதில் மசிவதில்லை. ஒரு பத்தி வாசிக்க மற்ற பிள்ளைகளை விட நேரம் ஆகும். சில நாள் வசந்தியிடம் கோபித்துக்கொண்டு பேச மாட்டாள். ஆனால் வயிற்று வலி வருவது நின்றுவிட்டது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து அம்மாவும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்கள். வழக்கமாக ஜெயா யாரையாவது விசாரித்து ஏறிவிடுவார். அன்றைக்குப் பிள்ளை, நானே போர்டை வாசித்துச் சொல்கிறேன், யாரிடமும் கேட்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அம்மாவை இழுத்துக்கொண்டு போய் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் ஓரமாக உட்காரவும் வைத்துவிட்டாள். டிக்கெட் கேட்கும்போதுதான் அது மம்சாபுரம் பஸ் இல்லை, கூமாப்பட்டி பஸ் என்று தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் பார்க்க இறங்க வேண்டியதாயிற்று. சந்தேகம் இருந்தால் பதிலே சொல்லாமல் விட்டுவிடுகிற பிள்ளை. இனி பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போர்டை நிமிர்ந்து பார்க்காது என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

அன்று ராத்திரி ஜெயா எனக்குப் போன் பண்ணினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மதுரைக்கு அனுப்பியிருந்தால் அந்தச் சனிக்கிழமை அவர் தனியாகத்தான் பஸ்ஸுக்கு நின்றிருப்பார். அதை அவர் சொல்லவில்லை. சொன்னது இதுதான்.

"கீழ எறங்குன உடனே அடுத்த பஸ்ஸப் பாத்து மறுபடி எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சுட்டா மேடம். நம்ம ஊரு பஸ்ஸ அவளே கண்டுபிடிச்சு, என்னய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா."

பிள்ளைகளை அளப்பதற்கு என் பெட்டியில் எத்தனையோ சாமான் இருக்கிறது, அளந்து முடிப்பதற்குள் அவர்கள் வளர்ந்துவிடுவதைத் தடுக்கத்தான் ஒன்றும் இல்லை.